பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் கிடைத்தால் முதலில் என்ன கேட்பது? ஏனாத்தூர் பெற்றோருக்கு ஒரு கையேடு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் கடைசியாக மாற்றி அமைக்கப்பட்டது 2024 ஆகஸ்ட்டில். ஒரு குழுவின் காலம் 2 ஆண்டுகள். அந்தக் கணக்குப்படி 2026 புதுக் குழுக்களுக்கான ஆண்டு. காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கும் ஏனாத்தூர் போன்ற ஊர்களில் தறியில் உட்காரும் அப்பாவோ, தார் சுற்றும் அம்மாவோ இந்தக் குழுவில் உறுப்பினராகலாம். அம்மா என்றால் தலைவராகவும் ஆகலாம்.

"ஆகி என்ன பண்றது? ஹெச்.எம். சொன்ன இடத்துல கையெழுத்துப் போடுறதுதானே?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குழுவுக்கு என்ன அதிகாரம் உண்டு, எது இல்லை, எதை முதலில் கேட்க வேண்டும் என்று இங்கே பார்க்கலாம்.

ஸ்கூல் போர்டு தேர்தல் நம்ம ஊரில் இல்லையா?

இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் பள்ளி வாரியத்துக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். வேட்பாளர்கள் வாக்குறுதி கொடுத்துப் பிரசாரம் செய்வார்கள். ஜெயித்து வரும் வாரியம் பட்ஜெட்டை முடிவு செய்யும், தலைமைக் கல்வி அதிகாரியை நியமிக்கும். பல இடங்களில் பள்ளிக்கான வரியில்கூட அதற்குப் பங்கு உண்டு.

இந்தியாவில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது பள்ளி மேலாண்மைக் குழு. சுருக்கமாக எஸ்.எம்.சி. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுதான் இதன் அடிப்படை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும்.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2015-ல் பெற்றோர் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வாக்குப்பதிவே நடந்தது. தமிழ்நாட்டில் பெற்றோர் கூட்டம் கூடி உறுப்பினர்களைத் தேர்வு செய்கிறது. 2022-ல் 20 பேர் கொண்ட குழுவாக இருந்தது, 2024-ல் 24 பேராகி, முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். தலைவர் பொறுப்பு ஒரு பெண் பெற்றோருக்கு. தலைமை ஆசிரியர், ஆசிரியர் பிரதிநிதி, உள்ளாட்சி உறுப்பினர்கள் ஆகியோரும் உண்டு.

இது ஒன்றும் புதுசு இல்லை

ஊர் சேர்ந்து பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்துக்கும் காஞ்சிபுரம் பக்கத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. நெ.து.சுந்தரவடிவேலு 1912-ல் பிறந்தது காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள நெய்யாடுபாக்கத்தில். அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் 'நெ' அந்த ஊர்தான். காமராஜர் ஆட்சியில் கல்வித் துறை இயக்குநராக இருந்த அவர், 1950-களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். தங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று ஊர்க்காரர்களே பட்டியல் போட்டார்கள். பெஞ்சு, கடிகாரம், மணி, இடம், கட்டடம் என்று தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு ஊர் கொடுத்தது பெரும்பாலும் பொருள். இன்றைய சட்டம் பெற்றோரிடம் கேட்பது கண்காணிப்பு. நன்கொடை கொடுத்தால் நன்றி சொல்வார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

குழு என்ன செய்யலாம்?

சட்டம் சொல்லும் முக்கிய வேலைகள் மூன்று.

• பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது.

• பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது.

• அரசிடமோ உள்ளாட்சியிடமோ வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது.

இதில் இரண்டாவதைப் பலரும் சடங்காக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் சட்டத்தின் 22-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. குழு தயாரிக்கும் திட்டமே அந்தப் பள்ளிக்கான அரசின் திட்டங்களுக்கும் மானியத்துக்கும் அடிப்படை. மத்திய அரசின் மாதிரி விதிகள் இதை 3 ஆண்டுத் திட்டமாகவும், அதற்குள் 3 தனித்தனி ஆண்டுத் திட்டங்களாகவும் போடச் சொல்கின்றன.

என்ன செய்ய முடியாது?

ஆசிரியரை இடமாற்றம் செய்ய முடியாது. பாடத்திட்டத்தை மாற்ற முடியாது. வரி போட முடியாது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு குழுவுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பு மட்டும்தான். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவே பொருந்தாது.

ஆக, கையில் இருக்கும் அதிகாரம் கொஞ்சம். அதை எந்த வரிசையில் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பல கூட்டங்களில் முதல் தீர்மானம் சுற்றுச்சுவர், அடுத்தது கேட், அதற்கடுத்து பெயிண்ட். கண்ணுக்குத் தெரிவதைக் கேட்பது எளிது. வகுப்புக்கு வராமல் போன பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. அதனால் வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: யார் வரவில்லை?

பட்டு நெசவு ஊரில் இது சாதாரணக் கேள்வி இல்லை. காஞ்சிப் பட்டின் பெருமைகளில் ஒன்று கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெசவிலேயே கோத்து இணைக்கிறார்கள். அதற்கு மூன்று நாடா வேண்டும். தறியில் உட்காருபவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் தேவை. அந்த இன்னொருவர் பல காலம் ஒரு சின்னப் பிள்ளையாக இருந்தார்.

முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் தறிக்கு அனுப்பும் கொத்தடிமை முறை காஞ்சிபுரத்தில் இருந்ததை, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது. அதற்குப் பிறகு அரசின் நடவடிக்கை, சத்துணவு, இலவசப் பாடநூல், சைக்கிள் என்று நிறைய மாறியிருக்கிறது. இன்றைய ஆபத்து வேறு மாதிரி. பிள்ளை பேர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், ஆனால் வாரத்துக்கு ரெண்டு நாள் வராது. முகூர்த்த சீசனில் ஆர்டர் நெருக்கும்போது இன்னும் ஒரு நாள் போகும். மெதுவாகப் பள்ளி கைவிட்டுப் போகும்.

சட்டத்திலும் ஒரு இடைவெளி இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-ல் வந்த திருத்தம், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை முழுவதுமாகத் தடை செய்தது. ஆனால் பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு கொடுத்தது. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊரில் 'உதவி' எங்கே முடிகிறது, 'வேலை' எங்கே தொடங்குகிறது என்று எந்த ஆய்வாளரும் தினமும் வந்து பார்க்க முடியாது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரியும். அவர் குழுவில் உட்கார்ந்திருப்பதன் பலனே அதுதான்.

இன்னொரு சிக்கல் வயது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. 8-ம் வகுப்பு முடித்து 9-ம் வகுப்புக்குப் பள்ளி மாறும் இடம், 10-ம் வகுப்பு தேர்வில் தவறும் இடம், இந்த ரெண்டும் வழுக்கும் படிகள். அதனால் குழு கேட்க வேண்டியவை:

• போன மாதம் தொடர்ந்து வராத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்கு யார் போனது?

• 5, 8-ம் வகுப்பு முடித்துப் போனவர்கள் அடுத்த பள்ளியில் சேர்ந்துவிட்டார்களா? மாற்றுச் சான்றிதழ் வாங்கியதோடு முடிந்ததா?

• 10-ம் வகுப்பில் தவறியவர்கள் துணைத் தேர்வு எழுதினார்களா?

ஒரு எச்சரிக்கை. வராத பிள்ளையின் பெயரைக் கூட்டத்தில் உரக்க வாசித்து அந்தக் குடும்பத்தைக் கூனிக் குறுக வைக்கக் கூடாது. அந்த அம்மா அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார், பிள்ளையும் வராது. எண்ணிக்கையைக் கூட்டத்தில் பேசுங்கள், பெயரை வீட்டில் போய்ப் பேசுங்கள்.

இரண்டாவது: வருகிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா?

தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி. 2024 டிசம்பரில் மத்திய அரசு 5, 8-ம் வகுப்புகளுக்கான விதியை மாற்றியபோதும், தமிழ்நாடு பழைய முறையே தொடரும் என்றது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது நல்ல பாதுகாப்பு. 5-ம் வகுப்பில் ஃபெயில் என்றால் அடுத்த நாளே தறிக்குப் போய்விடும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. 'பாஸ்' என்ற சொல்லை வைத்துப் பெற்றோரால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு எளிய வழி இருக்கிறது. 3-ம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை 5-ம் வகுப்புப் பிள்ளை தடங்காமல் வாசிக்கிறதா? கடையில் 37 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய் கொடுத்தால் மீதி சொல்கிறதா? இதைப் பார்க்கப் பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் சின்ன வகுப்புகளுக்கு இந்த அடிப்படைத் திறனைத்தான் குறி வைக்கிறது. அதனால் குழு வெறுமனே "ரிசல்ட் எப்படி?" என்று கேட்காமல், "ஒவ்வொரு வகுப்பிலும் சரளமாக வாசிப்பவர்கள் எத்தனை பேர், அடுத்த கூட்டத்துக்குள் அது எத்தனை ஆகும்?" என்று கேட்கலாம். ஆசிரியரைக் குறை சொல்லும் கேள்வி இல்லை இது. அவருக்கு என்ன உதவி தேவை என்று தெரிந்துகொள்ளும் கேள்வி.

மூன்றாவது: சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கா?

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 5 வகுப்பு இருக்கும் பள்ளியில் 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர் என்பது சட்டப்படி சரி. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மிச்சம் இருப்பவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். இதே சட்டத்தின் 26-வது பிரிவு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது.

இங்கே குழுவுக்கு நேரடியாக ஒரு வேலை வந்திருக்கிறது. 2022-ல் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நிரப்ப அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் ரூ.7,500, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.10,000, முதுகலை ஆசிரியருக்கு ரூ.12,000 என்று தொகுப்பூதியம். எதிர்ப்பு கிளம்பி, வழக்கு நீதிமன்றம் வரை போனது. பிறகு ஊதியம் ரூ.12,000, ரூ.15,000, ரூ.18,000 என உயர்ந்தது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நிரந்தர ஆசிரியர் வரும்வரை வகுப்பு காலியாகக் கிடக்கக் கூடாது. அதே சமயம், தற்காலிகம் என்பதே நிரந்தரமாகிவிடக் கூடாது. யாரை எடுப்பது என்பதில் 'நம்ம ஆளு' கணக்கு வந்தால் குழுவின் மரியாதையும் போய்விடும். ஆகவே ரெண்டு தீர்மானம் தேவை. தகுதி பார்த்துத் தற்காலிக ஆசிரியரைத் தேர்வு செய்தது ஒன்று, நிரந்தரப் பணியிடத்தை நிரப்பக் கோரி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புவது இன்னொன்று.

நான்காவது: கழிவறை, தண்ணீர்

இது கட்டடப் பிரச்சினை போலத் தெரியும். உண்மையில் வருகைப் பிரச்சினை. தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத கழிவறை இருந்தால் 7, 8-ம் வகுப்புப் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மாதத்தில் சில நாள் வரவே மாட்டார்கள். "கழிவறை இருக்கா?" என்ற கேள்விக்கு எல்லாப் பள்ளியிலும் 'ஆம்' என்றுதான் பதில் வரும். "இன்னைக்குத் திறந்திருக்கா, தண்ணி வருதா, யார் சுத்தம் பண்றாங்க, அவங்களுக்குச் சம்பளம் வந்துச்சா?" என்று கேட்டால்தான் நிஜம் தெரியும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சாய்தளமும் கழிவறையும் இதே பட்டியலில்தான் வரும்.

ஐந்தாவது: பணம் எவ்வளவு, எங்கே போனது?

மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கிறது:

• 30 பேர் வரை: ரூ.10,000

• 31 முதல் 100 வரை: ரூ.25,000

• 101 முதல் 250 வரை: ரூ.50,000

• 251 முதல் 1,000 வரை: ரூ.75,000

• 1,000-க்கு மேல்: ரூ.1 லட்சம்

இதில் குறைந்தது 10 சதவீதம் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும். 60 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ரூ.25,000 என்றால், மாதத்துக்கு சுமார் 2,083 ரூபாய். சாக்பீஸ், பல்பு, குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள். இந்தக் கணக்கு தெரிந்தால் தலைமை ஆசிரியர் மீது தேவையில்லாத சந்தேகமும் வராது, தேவையான கேள்வியும் விட்டுப்போகாது.

மேலே நடக்கும் சண்டையும் கீழே வந்து சேரும். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடாத நிலையில், 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி சுமார் ரூ.2,152 கோடி வரவில்லை என்று மாநில அரசு கூறியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. தேசியக் கல்விக் கொள்கை சரியா தவறா என்ற விவாதம் பெரியது. ஆனால் ஒரு ஊர்ப் பள்ளியின் பெற்றோருக்கு அது கடைசியில், 'இந்த வருஷம் மானியம் வந்ததா இல்லையா' என்ற கேள்வியாகத்தான் வந்து நிற்கும். அந்தக் கேள்வியைக் குழு எழுத்தில் கேட்கலாம்.

பெரிய செலவுகளுக்கு வேறு வழிகள் உண்டு. வகுப்பறைக் கட்டடத்துக்கு பேராசிரியர் அன்பழகன் பெயரிலான பள்ளி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. நன்கொடைக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இருக்கிறது. ஏனாத்தூரில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகமே இருக்கிறது. காஞ்சிபுரத்தைச் சுற்றித் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் வாரம் ஒருநாள் வாசிப்புக்கு உதவ வேண்டும் என்று குழு கேட்பதற்குப் பணமே தேவையில்லை.

கேட்டால் நடக்குமா?

வாய்வார்த்தையாகக் கேட்டால் நடக்காது. தீர்மானப் பதிவேட்டில் ஏறாத கோரிக்கை, கேட்காத கோரிக்கைக்குச் சமம். நடைமுறை இதுதான்:

• கூட்டத்தில் தீர்மானம் எழுதப்பட வேண்டும். என்ன தேவை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் அதில் இருக்கட்டும். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்.

• தீர்மானங்களைப் பதிவேற்ற பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலி இருக்கிறது. பதிவாகிவிட்டதா என்று பாருங்கள்.

• அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, போன தீர்மானம் என்னாச்சு என்று கேட்பது.

• தண்ணீர், சாலை, தெருவிளக்கு போன்ற உள்ளாட்சி வேலைகளை கிராம சபைக்கும் கொண்டுபோகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 முறை அது கூடுகிறது.

• கல்வி தொடர்பான சந்தேகம், புகாருக்கு 14417. பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுவது தெரிந்தால் 1098.

ஒரு மதியத்தின் விலை

எல்லாவற்றுக்கும் நடுவில் பேசப்படாத ஒன்று இருக்கிறது. இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் வேலை நாள் பிற்பகலில் நடக்கும். நெசவுக்குச் சேலைக் கணக்கில் கூலி. ஒரு மதியம் எழுந்து போனால் சேலை முடிவது தள்ளிப்போகும், கூலியும் தள்ளிப்போகும். கோர்வைத் தறி என்றால் ஒருவர் எழுந்தால் இன்னொருவரும் சும்மா உட்கார வேண்டியதுதான். உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று சுலபமாகச் சொல்லிவிடுவோருக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டும்.

அப்படிக் கூலியை விட்டுவிட்டு வருகிற ஒரு அம்மாவை, சுற்றுச்சுவர் தீர்மானத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டால் அடுத்த முறை அவர் ஏன் வரப் போகிறார்? அவர் விட்டுவந்த அந்த மதியத்துக்கு ஈடாக ஒரு பதிலாவது கிடைக்க வேண்டும். தன் பிள்ளை வாசிக்கிறதா, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏன் வரவில்லை, காலியிடம் எப்போது நிரம்பும் என்று.

குழு மாற்றி அமைக்கும் நாள் உங்கள் பிள்ளையின் பள்ளியில் அறிவிக்கப்படும்போது போய்க் கலந்துகொள்ளுங்கள். உறுப்பினராக விருப்பம் என்று நீங்களே சொல்லலாம், யாரும் முன்மொழியக் காத்திருக்க வேண்டாம். போகும்போது இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதல் கேள்வி, யார் வரவில்லை என்பதாக இருக்கட்டும்.